சாதி கேளாத வாத்தியார்!

சாரல் வந்துவிட்டது. பேரருவி பெருக்கெடுத்து விழுகிறது. ஐந்தருவியிலே ஆட்கூட்டம் அருவியையே மறைக்கிறது. வழிநெடுக மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஏழையும் செல்வரும் ஒரே நீரில், ஒரே நெரிசலில் நனையும் காட்சியைக் காண்பதற்காகவே ஆண்டுதோறும் குற்றாலம் செல்லும் வழக்கம் நமக்குண்டு. நீர் தலையில் விழும் அந்த ஐந்து நிமிட நேரத்துக்கு எவனுக்கும் குலமுமில்லை, கோத்திரமுமில்லை. துவட்டிக்கொண்ட பிறகுதான் எல்லாம் திரும்பி வருகின்றன!

இம்முறை அருவிக் கரையிலே நாம் கேட்ட ஒரு சொல், குளித்த குளிர்ச்சியைப் போக்கிவிட்டது.

தேநீர்க் கடையிலே மூவர் அமர்ந்திருந்தோம். ஒருவர் தென்காசியில் துணிக்கடை நடத்தும் நண்பர். அண்ணாச்சி என்றே அழைப்போம். ஒரு தனியார் பள்ளியின் நிர்வாகக் குழுவிலே அங்கம் வகிப்பவர். மற்றவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற பெரியவர். அண்ணாச்சி கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். சேலை கட்டி, நகை பூட்டி, உருளைக் கால்களில் நகர்ந்து வருகிறாள் ஒரு மங்கை, பிள்ளைகள் சுற்றி நிற்கின்றனர், கேள்வி கேட்கின்றனர், மங்கை விடை கூறுகிறாள். மங்கையா அது? இயந்திரம்! "நம் பள்ளிக்கும் இதுபோல ஒன்று வாங்கலாம் என்று குழுவிலே பேச்சு நடக்கிறது" என்றார் அண்ணாச்சி, பெருமிதம் பொங்க.

பெரியவர் எதிர்ப்பார் என்று எண்ணினோம். அவரோ, தேநீரை ஆற்றிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "வாங்குங்கள் அண்ணாச்சி. அது பிள்ளையிடம் என்ன சாதி என்று கேட்காது."

அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரை. சிரித்துவிட்டுப் போகக் கூடிய சொல்லல்ல அது. அதிலே ஒரு மாவட்டத்தின் வரலாறு இருக்கிறது. ஆசிரியப் பணியிலேயே நரைத்த ஒரு மனிதரின் கசப்பு இருக்கிறது. ஆகவே அதை நேராகவே எடுத்துக்கொள்கிறோம்.

முதலிலே அந்த மங்கை யார் என்பதைச் சொல்லிவிடுவோம். ஐரிஸ் என்று பெயர். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடுவயில் எனும் ஊரில், கே.டி.சி.டி. மேல்நிலைப் பள்ளியில் அறிமுகமானாள். மேக்கர்லாப்ஸ் என்ற நிறுவனம் செய்து தந்தது. நிதி ஆயோக்கின் அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தின் வழியே வந்தது. தென்காசியிலிருந்து அது தொலைதூரம் அன்று. செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை, ஆரியங்காவுக் கணவாய், அப்பால் புனலூர். 1956 நவம்பர் 1 வரையில் செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே! கணவாயின் வழியாகக் காற்று வருகிறது, சாரல் வருகிறது. ரோபோவும் வரத்தான் செய்யும். வரக்கூடாது என்று கூறுவோர் பட்டியலில் நாம் இல்லை.

இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். இயந்திரம் என்றால் முகம் சுளிக்கும் கூட்டத்திலே நமக்கு இடமில்லை. ஓரிடத்தில் இருந்தபடியே பல இடங்களில் உள்ள மக்களுக்குக் கல்வி புகட்டும் காலம் வரும் என்று 1940-களிலேயே, "இனிவரும் உலகம்" பற்றிப் பேசியபோது, தந்தை பெரியார் சொல்லிவிட்டார். அன்று அதைக் கேட்டுப் பரிகசித்த பண்டிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியிலே பஞ்சாங்கம் பார்க்கிறார்கள்! நமக்குள்ள அச்சம் இயந்திரத்தைப் பற்றியதன்று. இந்நாட்டிலே இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துப் பூமாலை சூட்டும் கூட்டத்தைப் பற்றியது. உருளைக்கால் பெட்டிக்கு ஏன் சேலை? ஏன் நகை? உள்ளே கம்பியும் மின்கலமும் இருப்பதைப் பிள்ளைக்குத் திறந்து காட்டுவது கல்வி. அதை மறைத்து, பட்டுச் சுற்றி, பார்ப்போர் வாய் பிளக்கும்படி நிறுத்துவதற்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தத் தொழிலை நெடுங்காலமாக நடத்தி வருவோர் யார் என்பதும் வாசகர்க்குத் தெரியும். ஆயுத பூசை அன்று அந்த மங்கைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டாமல் விடுவார்களா என்று அண்ணாச்சியைக் கேட்டோம். சிரித்தார். மறுக்கவில்லை.

போகட்டும். பெரியவரின் சொல்லுக்கு வருவோம்.

சாதி கேட்காது! இந்த வட்டாரத்திலே அச்சொல் எப்படி இனிக்கும் என்பதை வெளியூரார் அறிய மாட்டார்கள். தென்காசிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையிலே இருக்கிறது சேரன்மாதேவி. தேசியக் கல்வி தருவோம் என்று ஊரார் பணத்திலே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் அங்கேதான் இருந்தது. 1924-25 ஆண்டுகளிலே நாடே பேசிய குருகுலம். பாடத்தால் அன்று, பந்தியால்! பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிச் சோறு, மற்றவர்க்கு வேறு சோறு. மெத்தப் படித்த ஆசான், மேனாடு கண்ட ஆசான், அடிமைத்தளை அறுப்பேன் என்று கிளம்பிய ஆசான். அவருடைய பள்ளியிலேயே அந்த நிலை!

அது நூறாண்டுப் பழங்கதை என்பீரோ? 2022 செப்டம்பரில், இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்கக் கடைக்கு வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பள்ளிப் பிள்ளைகளிடம், உங்களுக்குக் கொடுப்பதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினான் ஒரு கடைக்காரன். அனுப்பியதோடு நில்லாமல் அதைப் படமும் பிடித்து உலவ விட்டான்! கைதாயினர், கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. ஆயினும் அந்தப் படத்திலே, கட்டுப்பாடா, என்ன கட்டுப்பாடு என்று விளங்காமல் கேட்ட பிள்ளையின் குரல் இன்னும் நம் காதை விட்டு அகலவில்லை. மறு ஆண்டு, 2023 ஆகஸ்டில், அண்டை மாவட்டத்து நாங்குநேரியிலே, நன்றாகப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதற்குப் பின்னர்தான் நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு அமைந்தது. 2024 சூனில் தந்த அறிக்கையிலே, மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரிலே சாதிப் பெயர் கூடாது என்றெல்லாம் எழுத வேண்டி வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கயிற்றின் நிறத்தைக் கண்டே இவன் இன்னான் என்று கண்டுகொள்ளும் வகுப்பறை! அந்த வகுப்பறையிலே வாழ்நாளைக் கழித்த மனிதர், கயிற்றின் நிறம் தெரியாத ஓர் ஆசான் வரட்டும் என்று ஏங்கினால், அந்த ஏக்கத்தைப் பழிக்க நமக்கு மனம் வருமா?

வரவில்லை. ஆனால் ஏக்கம் வேறு, ஏமாற்றம் வேறு. பெரியவர் ஏமாறக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

அந்த இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று யார் சொன்னது? இரும்புக்குத் தெரியாது, மெய்தான். பேசுவது இரும்பன்று. அதன் வாயிலே வரும் சொல், கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு கோத்துத் தரும் சொல். அந்தப் பக்கங்களை எழுதியவர் யார்? நாம்தாம்! நம் பழமொழிகள், நம் வசவுகள், நம் மணமகள் தேவை விளம்பரங்கள், நம் பெருமைக் கதைகள். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இத்தகைய மொழிப் பொறிகளைச் சோதித்துப் பார்த்தனர். சாதி பற்றியும் மதம் பற்றியும் இந்நாட்டிலே புழங்கும் இழிவுக் கருத்துகளைப் பெரும்பாலான பொறிகள் தயங்காமல் எடுத்துரைத்தன. மேனாட்டார் கவனித்துத் திருத்திவரும் நிற வேற்றுமை, பால் வேற்றுமை ஆகியவற்றைவிட இதிலே கோணல் மிகுதி என்று கண்டனர். மனு இறந்துவிட்டான் என்று எண்ணினோம், மின்சாரத்தில் இருக்கிறான்! திருத்தலாம், திருத்த முடியாதது என்று ஒன்றில்லை. திருத்தும் கை எது, அந்தக் கைக்கு இங்குள்ள நோய் தெரியுமா என்பதுதான் கேள்வி.

தென்கொரியாவிலே நடந்ததையும் கேளுங்கள். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தேகு நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் 29 இயந்திர ஆசிரியர்கள் ஆங்கிலம் கற்பிக்க வந்தனர். எங்கி என்று பெயர். உண்மையில் கற்பித்தவர்கள் யார் தெரியுமா? கடல் கடந்து பிலிப்பைன்ஸ் நாட்டிலே அமர்ந்திருந்த ஆசிரியைகள்! அவர்கள் பேசினர், பொறி அந்தக் குரலை வகுப்பிலே ஒலித்தது. கூலி மலிவு என்பதால் அவர்களை அமர்த்தினோம் என்று திட்டக்காரர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். பொறியின் திரையிலே மட்டும் தெரிந்த முகம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்! உழைத்தவள் பழுப்பு, காட்டப்பட்டவள் வெள்ளை. சேலைக்கும் அந்த வெள்ளை முகத்துக்கும் என்ன வேறுபாடு? பொறிக்கு நிறமில்லை, பொறியை வாங்குவோன் கண்ணுக்கு நிறம் உண்டு. எந்த முகத்தைப் பிள்ளைகள் மதிப்பார்கள் என்று அவன் எண்ணுகிறானோ, அந்த முகத்தை ஒட்டி அனுப்புகிறான். நாளை நம் வகுப்பறைக்கு வரும் இயந்திர ஆசானுக்கு எந்த முகம் வரும், எந்த வீட்டுத் தமிழ் வரும், என்ன பெயர் சூட்டுவர் என்பதை அண்ணாச்சியின் குழு என்றாவது பேசியதுண்டா? கருத்த முகத்தோடு, கடையநல்லூர்ப் பேச்சோடு ஒரு பொறியைச் செய்து காட்டட்டும். அன்று நாமே முன்வரிசையில் நின்று கை தட்டுவோம்.

இதெல்லாம் இருக்கட்டும். சேரன்மாதேவிக்கே திரும்புவோம், விடை அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தனிப்பந்தி எப்படி வெளியே வந்தது? அரசாங்கம் கண்டுபிடிக்கவில்லை, அதிகாரி கண்டுபிடிக்கவில்லை. அங்கே படித்த பிள்ளை ஒன்று, எடுக்கக்கூடாத பானையிலே தண்ணீர் எடுத்தாய் என்று ஒறுக்கப்பட்டு, அதை வீட்டிலே போய்த் தந்தையிடம் சொல்லியது என்பர். தந்தை, பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான ஓமந்தூரார். பிள்ளை சொன்னது, தந்தை கேட்டார், கேட்டவர் சும்மா இருக்கவில்லை. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுந்தனர்; ஒரு மாகாணமே எழுந்தது.

இப்போது அந்தப் பிள்ளையின் முன்னே, சாதி கேளாத இயந்திர வாத்தியாரை நிறுத்திப் பாருங்கள். "என்னைப் பானை தொடவிடவில்லை" என்று பிள்ளை அதனிடம் அழுகிறது. பொறி என்ன செய்யும்? "உன் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்று இனிய குரலிலே சொல்லும். அப்படிச் சொல்லும்படி அதற்கு எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் சொல்லைப் பதிவு செய்யும். எங்கோ ஒரு கிடங்குக்கு அனுப்பும். அடுத்த பாடத்துக்குப் போகும். பந்தி அப்படியே நடக்கும்! கேட்பதற்கும் கேட்டுக்கொண்டு எழுந்து நிற்பதற்கும் இடையிலே உள்ள தொலைவு, குற்றாலத்துக்கும் சென்னைக்கும் உள்ள தொலைவைக் காட்டிலும் பெரிது. சாதி கேளாத வாத்தியார், சாதிக்கொடுமையையும் கேளாத வாத்தியாராகத்தான் இருப்பார். கையிலே கயிறு கட்டியவனும் கட்டாதவனும் அதற்கு ஒன்று. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும்கூட ஒன்று! கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்ட நாம் ஒப்பமாட்டோம். கடைசி வரிசையிலே ஒரு பிள்ளை மூன்று நாளாக ஏன் பேசவில்லை, பகலுணவின்போது ஏன் தனியே அமர்கிறது, கடைக்கு ஏன் போக அஞ்சுகிறது என்று கண்டு, அதன் தெருவுக்குப் போய், பீடி சுற்றும் தாயின் பக்கத்திலே அமர்ந்து விசாரிக்கும் ஆசிரியரைத்தான் இந்த மாவட்டம் கேட்கிறது. அத்தகையோர் இருக்கிறார்கள். போதுமான பேர் இல்லை, அதுதான் குறை.

பெரியவர் இங்கே குறுக்கிட்டார். "அப்படிப்பட்டவர் பத்திலே இருவர். மற்ற எட்டுப் பேர்?" என்றார். நியாயமான கேள்வி. எட்டுப் பேரை மாற்றுவது கடினம். இடம் மாற்றலாம், பயிற்றலாம், தவறினால் தண்டிக்கலாம். அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கலாம், கூண்டிலே நிறுத்தலாம். பொறியை எந்தக் கூண்டிலே நிறுத்துவீர்? அது தவறிழைத்தால் பள்ளி நிறுவனத்தைக் காட்டும். நிறுவனம் அமெரிக்காவைக் காட்டும். அமெரிக்கா ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பைக் காட்டும்!

இன்னொன்றும் இருக்கிறது, பகுத்தறிவாளர்க்கு இதுவே முதன்மையாகப் படவேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளையை உண்டாக்குவதற்குத்தானே பள்ளி? செருமனியிலும் இங்கிலாந்திலுமுள்ள ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஏழு முதல் ஒன்பது வயதுள்ள 43 பிள்ளைகள். கோடுகளைக் காட்டி, எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று கேட்டனர். தனியே இருந்தபோது நூற்றுக்கு 87 விடைகள் சரி. பக்கத்திலே மூன்று சிறிய ரோபோக்களை உட்கார வைத்து, அவை மூன்றும் ஒன்றுகூடித் தவறான விடையைச் சொன்னபோது, 75 ஆகக் குறைந்தது. தவறிய விடைகளில் நூற்றுக்கு 74, அந்த ரோபோக்கள் சொன்ன அதே தவறு! கண்ணெதிரே கோடு தெரிகிறது. ஆயினும் பொறி சொல்லிவிட்டது. பிள்ளை தன் கண்ணைக் கைவிட்டது. வளர்ந்தவர்களோ அந்த ரோபோக்களின் பேச்சுக்கு மயங்கவில்லை. எந்த வயதிலே "ஏன்?" என்று கேட்கப் பழக்க வேண்டுமோ, அந்த வயதிலேயே தலையாட்டப் பழக்கும் கருவி இது. ஆயிரம் ஆண்டுகளாகப் பெரியோர் வாக்கு, வேத வாக்கு என்று தலையாட்டியவர் பேரப்பிள்ளைகள் நாம். இன்னொரு வாக்கு வேண்டுமா நமக்கு?

நன்மையே இல்லையா என்பர் சிலர். உண்டு, மறைக்க மாட்டோம். வயநாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியொன்றில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தாரும் அமிர்தா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பெப்பே என்னும் கை வடிவப் பொறியைக் கை கழுவும் தொட்டியின் மேலே மாட்டினர். உருட்டி உருட்டி விழிக்கும், கை கழுவு என்று சொல்லும். பிள்ளைகள் கை கழுவுவது நூற்றுக்கு 40 அளவுக்கு உயர்ந்தது என்று 2019-இல் அறிவித்தனர். நல்லதுதான்! குறுகிய பாடத்திலே, சொல்லித் திரும்பச் சொல்லும் வேலையிலே இப்பொறிகள் மனித ஆசானுக்கு நிகராகவும் உதவுவதுண்டு என்று ஆய்வுகளைத் தொகுத்தோர் எழுதியிருக்கின்றனர். ஆனால் நெதர்லாந்திலே 194 மழலைகளுக்கு ரோபோவைக் கொண்டு ஆங்கிலச் சொற்கள் கற்பித்து 2019-இல் முடிவு கண்டபோது, ரோபோவோடு படித்தவர்களும் வெறும் பலகைக் கணினியோடு படித்தவர்களும் ஒரே அளவுதான் கற்றிருந்தனர். சப்பானியப் பள்ளியொன்றிலே 18 நாள் இரண்டு ரோபோக்களை நடமாட விட்டனர். முதல் வாரம் மொய்த்த கூட்டம், இரண்டாம் வாரம் கரைந்தது. சாரல் முடிந்த குற்றாலக் கடைவீதி போல!

அந்தப் பொறிக்கு ஆயுள் எவ்வளவு என்பதையும் அண்ணாச்சி விசாரிக்கவில்லை. மாக்சி என்று ஓர் அமெரிக்கப் பொறி. சிறு பிள்ளைகளின் தோழன் என்று விற்றார்கள். 2024 திசம்பரில், பணம் தீர்ந்தது, கடையை மூடுகிறோம், இனி மாக்சி பேசமாட்டான் என்று நிறுவனம் அறிவித்தது. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்தனர். ஆய்வுக்கூடங்களிலெல்லாம் புகழ்பெற்ற நாவோ என்னும் ரோபோவைச் செய்த பிரெஞ்சு நிறுவனமும் 2025-இல் நொடித்துப் பிறர் கைக்குப் போயிற்று. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுது பார்ப்பவர் எவரோ அவர் அடி பணிகிறேன் என்ற பொருள்படக் கல்லிலே வெட்டி வைத்தான். கோயில் காரியத்தில் நமக்கு நாட்டமில்லை. ஆயினும் 15-ஆம் நூற்றாண்டு மன்னனுக்கு, கட்டியது ஒரு நாள் பழுதாகும் என்ற அறிவாவது இருந்தது! சிதைந்து நின்ற அந்தக் கோபுரமும் 1990-இல்தான் மீண்டும் எழுந்தது.

இவை எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது வேறொன்று. அண்ணாச்சியின் பள்ளிப் பிள்ளைக்கு ஆசிரியரும் இருப்பார், ரோபோவும் இருக்கும். அவனுக்கு அது விளையாட்டு; கேட்டால் பேசும் பொம்மை. விலை மலிந்து அது அரசுப் பள்ளிக்கு வரும் நாளிலே என்ன ஆகும்? மலையடிவாரத்துச் சிற்றூரிலே ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும். கோப்பிலே ஓர் அதிகாரி எழுதுவார்: "மேற்படிப் பள்ளிக்கு இயந்திர ஆசிரியர் வழங்கப்பட்டுவிட்டபடியால், பணியிடம் நிரப்பத் தேவையில்லை." செல்வன் பிள்ளைக்கு மனிதனும் பொறியும், ஏழை பிள்ளைக்குப் பொறி மட்டும்! 1953-இல் அரை நாள் படிப்புப் போதும், மறு பாதி அப்பன் தொழிலைப் பார் என்று ஆச்சாரியார் சொன்னபோது இந்நாடு கொதித்தது. அடுத்த ஆண்டிலேயே அந்தத் திட்டம் குப்பைக்குப் போயிற்று. அரை நாள் கல்வியை விரட்டியவர்கள், அரை ஆசானை ஏற்பதா?

"அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்றார் அண்ணாச்சி. சற்றுச் சினம்தான். பொறுப்போடு கேட்டார் ஆகையால் பொறுப்போடு சொன்னோம்.

ரோபோவை வாங்குங்கள். நாற்காலியிலே உட்கார வைக்காதீர்கள். பெஞ்சிலே உட்கார வையுங்கள்! சப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட சோதனை இதுதான்: ஒன்றும் தெரியாத, தவறு செய்கிற ரோபோவை மழலைகளிடம் விட்டார்கள், மழலைகள் அதற்குச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொடுத்த சொற்களைத் தாங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்திலே லோசான் நகரத்தாரும், கோணல் மாணலாக எழுதும் ரோபோவைப் பிள்ளைகளிடம் தந்து, திருத்து என்றார்கள். எழுத்து வராத பிள்ளை, அதுவரை வகுப்பிலேயே கடைசி என்று பெயர் வாங்கிய பிள்ளை, வாத்தியாராயிற்று! எண்ணிப் பாருங்கள்: பாஞ்சாங்குளத்துக் கடையிலே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒன்று, கையிலே சாக்கட்டியோடு நின்று, இப்படி எழுது, இது ழகரம், நாக்கை மடக்கு என்று ஒரு பொறிக்குத் தமிழ் சொல்லித் தருகிறது. வாழ்நாளில் முதன்முறையாக அதன் சொல்லைக் கேட்டு நடக்க ஒன்று காத்திருக்கிறது. அந்தக் காட்சிக்காகப் பணம் செலவாகட்டும், வரவேற்கிறோம்.

பிறகு அதன் முதுகைத் திறக்கட்டும். கம்பி எது, மின்கலம் எது, கட்டளை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பெண் கைவைத்துப் பார்க்கட்டும். இது நடவாத காரியமா? தென்காசிக்குப் பக்கத்திலே மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது. வயல்வெளிக்கு நடுவே உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அடல் ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றுக்கும் 20 இலட்ச ரூபாய் அளிக்கும் திட்டம் 2016-இலிருந்து இருக்கிறது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் பொறி செய்யட்டும். செய்து முடித்த பொறியைச் சேலை கட்டி வாங்கி வைத்தால், ஆய்வுக்கூடம் பூசையறை ஆகிவிடும்.

ஒன்று மட்டும் எழுத்தில் கேளுங்கள் என்றோம். பிள்ளை பேசியதெல்லாம் எங்கே போகிறது, யார் வைத்திருக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள்? 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தரவைப் பெற்றோரின் உறுதிசெய்த ஒப்புதலின்றித் தொடக்கூடாது என்று 2023-ஆம் ஆண்டு மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அந்த ஒப்புதலைப் பீடி சுற்றும் தாயிடம் ஆங்கிலத் தாளிலே கையெழுத்தாக வாங்குவீர்களா, தமிழிலே விளக்கிச் சொல்லி வாங்குவீர்களா?

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. பெரியவர்தான் பேசினார். "பெஞ்சிலே உட்கார வைத்தால், எந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலே உட்கார வைப்பீர்கள்?" என்றார். கடைசி வரிசையிலே தனியே அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலே, என்றோம். "அதற்கு ரோபோ எதற்கு? நாளைக்கே இன்னொரு பிள்ளையை உட்கார வைக்கலாமே!" என்றார் பெரியவர்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை, அண்ணாச்சியிடமும் இல்லை. நிர்வாகக் குழு வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. ரோபோ வாங்குவது இரண்டாவது பொருள். வகுப்பறையிலே யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதை முதல் பொருளாகச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.